நின்றால் விரியும், படுத்தால் ஒடுங்கும்

பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் பசுவந்தனை வட்டாரத்தில் மைக் செட்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்து, கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம் அது. கைலாசநாதர் கோயில் இருக்கிற பசுவந்தனையில் தொடங்கி, கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடக்கும். கொடைக்கு முதல் வேலை குழாய் கட்டுவது. வேப்பமரக் கவட்டையில் ஒருவர் ஏறி நிற்பார். கீழேயிருந்து கயிற்றில் குழாய் மேலே போகும். கட்டி முடிந்ததும் கீழே நிற்கும் பையன் குரல் கொடுப்பான்: “அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் கீழத்தெரு பக்கமாத் திருப்புங்க.” மேலே இருப்பவர் நாலு விரற்கடை திருப்பி, கம்பியை முறுக்கிவிட்டு இறங்குவார்.

அந்த நாலு விரற்கடைதான் இந்த அத்தியாயத்தின் பொருள். ஒலிபெருக்கி என்றதும் எத்தனை வாட்ஸ், எவ்வளவு சத்தம் என்றுதான் கேட்கிறோம். எந்தத் திசையில் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஆனால் ஒரு ஸ்பீக்கரின் தரத்தை முடிவு செய்வதில் பாதிப் பங்கு அந்தக் கேள்விக்கு உண்டு. மரத்தில் கட்டும் குழாய்க்கும், கல்யாண மண்டபத்தில் நிற்கும் நெட்டைப் பெட்டிக்கும், வீட்டில் டி.வி.க்கு அடியில் படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்கும் விதி ஒன்றே. அந்த விதியைப் புரிந்துகொண்டால், இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான சென்டர் ஸ்பீக்கர்கள் எந்த வேலைக்காக உண்டாக்கப்பட்டனவோ அந்த வேலையிலேயே சறுக்குவது ஏன் என்பதும் புரிந்துவிடும்.

அலையின் நீளமும் வாயின் அகலமும்

நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. ஒரு சுரம் வினாடிக்கு 100 முறை அதிர்ந்தால், அதாவது 100 ஹெர்ட்ஸ் என்றால், ஓர் அலையின் நீளம் மூன்றரை மீட்டர். 1,000 ஹெர்ட்ஸுக்கு 35 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை சென்டிமீட்டர். தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் அலை ஓர் அறையின் அகலம் இருக்கும். ஜால்ராவின் கிணுகிணுப்பில் வரும் அலை சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

ஒலியை வெளியே தள்ளும் பரப்பு அலை நீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், ஒலி எல்லாப் பக்கமும் பரவும். பரப்பு அலை நீளத்தைவிடப் பெரியதாக இருந்தால், ஒலி முன்பக்கமாகக் குவிந்துவிடும். பரப்பு எந்தத் திசையில் நீளமோ அந்தத் திசையில் ஒலி ஒடுங்கும். எந்தத் திசையில் குறுகலோ அந்தத் திசையில் விரியும். இந்தத் தலைகீழ் உறவை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வேப்பமரத்துக் குழாய்

அரசாணைகளும் நாளிதழ்களும் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்று எழுதுவதைத்தான் ஊரில் குழாய் என்கிறார்கள். அதன் அடியில் திருகி மாட்டியிருக்கும் யூனிட்டுக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தத் தகடு எழுப்பும் அதிர்வு ஒரு குறுகிய தொண்டை வழியாகப் புறப்பட்டு, உள்ளே இருமுறை மடங்கி, படிப்படியாக அகலமாகிக்கொண்டே வந்து விரிந்த வாய் வழியே வெளியேறுகிறது. தகட்டின் வேகத்தைக் காற்றின் சுமையோடு இணக்கமாகப் பொருத்திவிடுவதுதான் கூம்பின் திறமை. அதனால் குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் கிடைக்கிறது. வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல் கிடைக்கும். நல்ல குழாய்க்கு அதே ஒரு வாட் கொடுத்தால் 105 முதல் 110 டெசிபல் வரும். 20 டெசிபல் வித்தியாசம் என்பது நூறு மடங்கு ஆற்றல்.

இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. முதலாவது, அடிச்சுரம் வராது. வாயின் சுற்றளவைவிட நீளமான அலைகளைக் கூம்பால் சரிவர வெளியே தள்ள முடியாது. அரை மீட்டர் விட்டமுள்ள வாயின் சுற்றளவு சுமார் 157 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேய்ந்துபோகும். குழாயில் தவில் கேட்டவர்களுக்கு இது தெரியும். வலந்தலையின் சொற்கள் பளீரென்று விழும். தொப்பியின் கும்காரம் இருந்த இடம் தெரியாது.

இரண்டாவது, உயர்ந்த சுரங்கள் குவிந்துவிடும். 500 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 70 சென்டிமீட்டர். அரை மீட்டர் வாயைவிடப் பெரியது. ஆகவே தாராளமாக விரியும். 4,000 ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்கு அந்த வாய் மிகப் பெரிது. ஆகவே நேர்கோட்டில் குவிந்து போகும். பேச்சில் உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் கீழ்ச்சுரங்களில் இருக்கிறது. ச, ட, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது மேல்சுரங்கள். அதனால் குழாயின் நேர் எதிரே இருக்கும் தெருவுக்கு வில்லுப்பாட்டுக்காரர் சொல்லும் கதை புரியும். பக்கத்துத் தெருவுக்கு யாரோ பாடுவது கேட்கும். என்ன பாடுகிறார் என்பது புரியாது. பையன் “கீழத்தெரு பக்கமா” என்று திருப்பச் சொன்னது கீழத்தெருவுக்கு மெய்யெழுத்து போய்ச் சேருவதற்காக.

கரிசல் வெளியில் இன்னொன்றும் நடக்கிறது. பகலில் கறுத்த மண் கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று குளிராகவும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் அலை மேல்நோக்கி வளைந்துவிடும். தூரத்து ஊருக்கு எட்டாது. மேகமில்லாத இரவில் தரை முதலில் குளிரும். இப்போது அலை கீழ்நோக்கி வளைந்து தரையோடு தரையாக ஓடும். மரமும் மேடும் குறைந்த சமவெளியில் தடுக்க ஒன்றுமில்லை. நடுச்சாமத்தில் அடுத்த ஊர்க் கொடைப் பாட்டு படுக்கையருகே கேட்பதற்கு இதுதான் காரணம். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்ற எளிய கணக்கின்படியே, ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்றால் ஒரு கிலோமீட்டரில் 50 இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பது 45. இரவு 10 மணிக்கு மேல் குழாய் கூடாது என்பதற்குப் பின்னால் இந்த இயற்பியலும் இருக்கிறது.

மண்டபத்து நெட்டைப் பெட்டி

கல்யாண மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிக்கூட அரங்குகளிலும் ஒல்லியான நெட்டைப் பெட்டி ஒன்று சுவரோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நான்கைந்து சிறிய ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இதைத் தூண் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஏன் இந்த நெட்டை வடிவம்?

மேலே சொன்ன தலைகீழ் உறவுதான் விடை. பெட்டி செங்குத்தாக நீளம். ஆகவே செங்குத்துத் திசையில் ஒலி ஒடுங்கும். கூரைக்கும் தரைக்கும் வீணாகப் போகாது, எதிரொலி குறையும். கிடையாகப் பெட்டி குறுகல். ஆகவே இடமும் வலமும் ஒலி விரியும். கடைசி நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் மந்திரம் தெளிவாகக் கேட்கும். 1950-களின் தொடக்கத்தில் லண்டன் புனித பால் பேராலயத்தின் பெரும் முழக்கத்துக்கு நடுவே பேச்சைப் புரியவைத்தது இந்த வகைத் தூண் ஸ்பீக்கர்கள்தான். 1992-இல் பிரான்ஸ் நாட்டின் கிறிஸ்டியன் ஹெய்ல் இதே கருத்தை வளர்த்து, மேடையின் இருபுறமும் சரமாகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையைக் கொண்டுவந்தார். இன்றைய பெரிய கச்சேரிகள் பெரும்பாலானவற்றில் அதைக் காணலாம்.

இந்தத் தூண் ஸ்பீக்கரை மேடையின் நெற்றியில் குறுக்காகப் படுக்க வைத்துக் கட்டினால் என்ன ஆகும்? கிடையாக நீளம், ஆகவே கிடையாக ஒடுக்கம். நடு வரிசைக்கு நன்றாகக் கேட்கும். ஓரங்களில் மங்கும். கூரைக்கும் தரைக்கும் ஒலி தாராளமாகப் போய் எதிரொலிக்கும். மைக் செட் அனுபவம் உள்ள யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். ஆனால் நம் வீட்டு டி.வி. அலமாரியில் நாம் செய்துகொண்டிருப்பது கிட்டத்தட்ட அதுதான்.

நடுவில் ஏன் ஒரு ஸ்பீக்கர்?

டூரிங் டாக்கீஸ் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. படம் தொடங்கும்வரை கொட்டகைக்கு மேலே கட்டிய குழாயில் பாட்டு ஓடும். படம் தொடங்கியதும் திரைப் பக்கத்து ஸ்பீக்கர் பேச ஆரம்பிக்கும். ஒலித்தடம் ஒன்றுதான், பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், மணல், பெஞ்சு எங்கே இருந்தாலும் வசனம் படம் ஓடுகிற பக்கத்திலிருந்துதான் வரும்.

ஒலியை இடம், வலம் என்று பிரித்தபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரல் ஒரே அளவில் வந்தால், நட்ட நடுவே இருப்பவருக்கு அந்தக் குரல் திரையின் மையத்தில் எழுவதாகத் தோன்றும். ஓரத்தில் இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. அவர் ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் கூடுதல் நெருக்கமாக இருந்தால், அதன் ஒலி சுமார் 3 மில்லி வினாடி முந்தி வந்துவிடும். முந்தி வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, முழு ஒலியும் அங்கிருந்தே வருவதாக மூளை முடிவு கட்டும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை விரிவாக ஆராய்ந்தார். அதன்பிறகு ஹாஸ் விளைவு என்றே பெயர். கதாநாயகன் திரையின் நடுவில் நின்று பேசுவான். ஓரத்து ரசிகருக்குக் குரல் அருகிலுள்ள சுவர் மூலையிலிருந்து வரும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1933 ஏப்ரல் 27 அன்று ஒரு செயல்விளக்கம் நடத்தியது. ஃபிலடெல்ஃபியா நகரில் இசைக்குழு வாசித்தது. வாஷிங்டனில் இருந்த அரங்கில் அந்த இசை ஒலிபெருக்கிகள் வழியே ஒலித்தது. ஹார்வி ஃபிளெட்சர் தலைமையிலான குழு அதற்கு எடுத்துக்கொண்ட தடங்கள் மூன்று: இடம், நடு, வலம். நடுத்தடம் இருந்தால்தான் அகலமான அரங்கில் எங்கே உட்கார்ந்தவருக்கும் மேடையின் நடு, நடுவிலேயே இருக்கும். சினிமா இதைப் பிடித்துக்கொண்டது. 1940-இல் வந்த ‘ஃபான்டேசியா’ படத்துக்குத் திரைக்குப் பின்னால் மூன்று தடம். தமிழின் முதல் 70 மி.மீ. படமான ‘மாவீரன்’ 1986-இல் ஆறு தட ஒலியோடு வந்தது. இன்றும் தியேட்டரில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அது திரைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். திரையில் உள்ள பொடித்துளைகள் வழியே ஒலி வெளியே வரும்.

ஆக, சென்டர் ஸ்பீக்கர் பிறந்தது ஓரத்தில் இருப்பவருக்காக. நட்ட நடுவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்ப்பதானால் இடமும் வலமுமே போதும். நடு ஸ்பீக்கர் தேவையே இல்லை.

படுத்த பெட்டியின் கணக்கு

வீட்டுக்கு வந்தபோது அதைப் படுக்க வைத்துவிட்டோம். டி.வி.க்கு அடியில் இருக்கும் இடம் ஒரு சாண் உயரம்தான். அதனால் அகலமாக, தட்டையாக ஒரு பெட்டி. நடுவில் மேல்சுரங்களுக்கான ஒரு ட்வீட்டர். இருபுறமும் கீழ்ச்சுரங்களுக்கான ஒவ்வொரு வூஃபர். கடையில் பார்க்கும் சென்டர் ஸ்பீக்கர்களில் மிகுதியும் இந்த அமைப்புதான். ஜோசப் டி’அப்போலிட்டோ என்ற பொறியாளர் 1983-இல் இரண்டு வூஃபர், நடுவே ட்வீட்டர் என்ற அமைப்பை ஆராய்ந்து புகழ்பெறச் செய்தார். அவர் அதை வடிவமைத்தது செங்குத்தாக நிறுத்துவதற்கு. அலமாரிக்காக அதைப் படுக்க வைத்தபோது பலன் தலைகீழாகிவிட்டது.

இரண்டு வூஃபர்களும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் எழுப்புகின்றன. நேர் எதிரே இருப்பவருக்கு இரண்டும் சம தூரம். இரண்டு அலையும் ஒன்றாக வந்து கூடும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு வூஃபர் அருகிலும் மற்றது தொலைவிலும் ஆகிவிடும். இரண்டின் தூர வித்தியாசம் சரியாக அரை அலை நீளம் ஆகும் இடத்தில், ஒன்றின் ஏற்றமும் மற்றதன் இறக்கமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கண்மாயில் இரண்டு கல்லை ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக எறிந்தால், வளையங்கள் குறுக்கிடும் சில கோடுகளில் தண்ணீர் அசையாமல் நிற்குமே, அதே சங்கதிதான்.

எண்களை வைத்துப் பார்ப்போம். இரண்டு வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 1,000 ஹெர்ட்ஸில் அலை நீளமும் 35 சென்டிமீட்டர், பாதி பதினேழரை. மையக்கோட்டிலிருந்து 30 பாகை விலகிய இடத்தில் தூர வித்தியாசம் சரியாகப் பதினேழரை சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அங்கே 1,000 ஹெர்ட்ஸ் குழிவிழும். 1,500 ஹெர்ட்ஸுக்கு அந்தக் குழி 20 பாகைக்கு நெருங்கி வரும். 2,000 ஹெர்ட்ஸுக்கு 15 பாகையிலேயே வந்துவிடும். டி.வி.யிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி சோபா போட்டிருந்தால், 15 பாகை என்பது நடுவிலிருந்து முக்கால் மீட்டர். அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். 30 பாகை என்பது ஒன்றே முக்கால் மீட்டர், மூலை நாற்காலிக்காரர்.

2,000 ஹெர்ட்ஸ் வாக்கில் பெரும்பாலும் ட்வீட்டர் பொறுப்பேற்கத் தொடங்கும் என்பதால் அங்கே குழி ஓரளவு தூர்ந்துவிடும். சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் கொஞ்சம் நிரப்பும். ஆனால் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவே உள்ள பள்ளத்தை அவை மூடிவிடுவதில்லை. நேரே வரும் முதல் ஒலியைக் கொண்டுதான் காது குரலின் நிறத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. அந்த முதல் ஒலியே பள்ளத்தோடு வருகிறது.

இதே கணக்கை 500 ஹெர்ட்ஸுக்குப் போட்டால் குழி 90 பாகைக்குப் போய்விடும். அங்கே யாரும் உட்காருவதில்லை. அதற்குக் கீழே குழியே கிடையாது. இந்த 500 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். தீர்வு அதில் இருக்கிறது.

ழகரம் தொலையும் வட்டாரம்

பள்ளம் விழுவது வேறு எங்காவது இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அது பேச்சின் நடுமார்பில் விழுகிறது.

தலை, தளை, தழை மூன்றையும் சொல்லிப் பாருங்கள். நாக்கு பல்லண்ணத்தைத் தொடுவதா, மடிந்து மேலண்ணத்தைத் தொடுவதா, தொடாமல் வளைந்து நிற்பதா என்பதுதான் வேறுபாடு. நாக்கின் இந்த நிலைகள் வாய்க்குள் இருக்கும் காற்றறையின் வடிவை மாற்றுகின்றன. அதனால் ஒலியாற்றல் குவியும் இடங்கள் நகர்கின்றன. ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெய்ல் கான் ஆகியோர் தமிழின் இந்த இடையின ஒலிகளை எம்.ஆர்.ஐ. படம் உள்ளிட்ட கருவிகளால் ஆராய்ந்து 1999-இல் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் வெளியிட்டார்கள். ழகரத்தில் நாக்கு பின்னிழுத்து வளையும்போது மூன்றாவது ஒலிக்குவியம் கீழே இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. இந்த நகர்வுகள் நடப்பது பெரும்பாலும் 1,000-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட வட்டாரத்தில். படுத்த சென்டர் ஸ்பீக்கர் ஓரத்து நாற்காலிக்குப் பள்ளம் பறிப்பதும் இதே வட்டாரத்தில் ஒரு பகுதியைத்தான்.

“பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் கேட்க மாட்டேங்குது” என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் முறையீடு. படத்தின் ஒலிக்கலவை, அறையின் எதிரொலி என்று காரணம் பல உண்டு. ஆனால் நடுவில் இருப்பவருக்குப் புரியும் வசனம் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது படுத்திருக்கும் அந்தப் பெட்டியை. சத்தத்தைக் கூட்டினால் பள்ளத்தைச் சுற்றியுள்ள மேடுகளும் சேர்ந்து உயரும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ரிசீவரில் உள்ள தானியங்கி ஈக்வலைசரும் இதில் உதவாது. அது இரண்டு வூஃபரையும் சேர்த்தே உயர்த்தும். உயர்த்திய இரண்டும் ஓரத்தில் மறுபடி ஒன்றையொன்று அழிக்கும். நடுவில் இருப்பவருக்கோ அந்தச் சுரம் தேவைக்கு மேல் தூக்கும். திசையில் உள்ள குறையை மின்னணுவால் ஒட்டுப்போட முடியாது.

அளந்தால் தெரியும்

சென்டர் ஸ்பீக்கர் பெட்டியின் அட்டையில் ‘60 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த அளவை எடுத்தது நேர் எதிரே மைக்கை வைத்து. ஓரத்து நாற்காலிக்கு என்ன கிடைக்கும் என்று அது சொல்லாது.

இதை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஃபிளாய்ட் டூல். 1965-இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் சேர்ந்த அவர், எதிரொலியற்ற அறையில் ஸ்பீக்கர்களைப் பல கோணங்களில் அளந்தார். பிறகு எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி மறைத்து, கேட்பவர்களை மதிப்பெண் போடச் சொன்னார். 1980-களின் நடுவில் வெளியான முடிவுகள் தெளிவாக இருந்தன. நேர் எதிரே சமமாகவும், பக்கவாட்டில் மேடுபள்ளமின்றிச் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே மக்கள் விரும்பினார்கள். விலையையும் நிறுவனப் பெயரையும் திரைபோட்டு மறைத்துவிட்டால், காதுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. 2004-இல் ஷான் ஆலிவ், அளவீட்டை மட்டும் வைத்துக்கொண்டு கேட்பவரின் விருப்பத்தை நல்ல துல்லியத்தோடு முன்கூட்டிச் சொல்லலாம் என்று காட்டினார்.

இன்றைய தர அளவீட்டு முறை இந்த ஆய்வுகளின் குழந்தை. ஸ்பீக்கரைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி, கிடைவாக்கில் ஒரு முழுச் சுற்று அளப்பார்கள்: 36 அளவு. செங்குத்துவாக்கில் ஒரு முழுச் சுற்று: இன்னொரு 36. நேர்முன்னும் நேர்ப்பின்னும் இரண்டு சுற்றுக்கும் பொது. ஆக 70 அளவுகள். நல்ல ஸ்பீக்கரின் வரைபடத்தில் 10, 20, 30 பாகைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இணக்கமாக ஓடும். படுத்த இரட்டை வூஃபர் பெட்டியின் படத்தைப் பார்த்தால், நேர்க்கோடு சமதரைபோல் இருக்க, 20 பாகைக் கோடும் 30 பாகைக் கோடும் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவே பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும். செங்குத்துக் கோடுகளோ அந்த வட்டாரத்தில் அழகாக ஒட்டியே போகும். விரிய வேண்டிய திசையில் ஒடுங்கி, ஒடுங்க வேண்டிய திசையில் விரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிரொலியற்ற அறை இல்லாமலும் இதை அளக்கலாம். கரிசல் கிராமங்களில் உளுந்தும் மிளகாயும் காயப்போடும் சிமென்ட் களம் அதற்கு நல்ல இடம். சுற்றிலும் சுவர் இல்லை, தரை கெட்டி. அளவு மைக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி ஸ்பீக்கரையும் தரையிலேயே மைக்கைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். மைக் தரையை ஒட்டியே இருப்பதால் நேர் ஒலியும் தரையில் பட்டு வரும் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும், ஒன்றையொன்று கெடுக்காது. களத்தில் சுண்ணாம்புக் கோட்டால் பத்துப் பத்துப் பாகை குறித்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பி அளக்கலாம். நாம் தேடும் பள்ளம் 2,000 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் இந்த முறை தாராளமாகப் போதும். மடிக்கணினியும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈ.க்யூ. விசார்ட் மென்பொருளும், அளவுக்கென்று விற்கும் ஒரு மைக்கும் இருந்தால் ஆயிற்று. காற்று கிளம்புவதற்கு முன், விடியற்காலையில் செய்ய வேண்டும். இந்தச் சமவெளியில் காற்றுதான் மைக்குக்கு முதல் எதிரி. கல்லூரி இயற்பியல் மாணவர்களுக்கு இது அருமையான செய்முறை.

என்ன செய்யலாம்?

சிறந்த வழி தியேட்டர் வழி. ஒலி ஊடுருவும் திரையைக் கட்டி, இடவலத்தில் இருப்பது போன்ற அதே ஸ்பீக்கரை நடுவிலும் நிமிர்த்தி வைப்பது. புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது சாத்தியம்.

டி.வி. வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, மூவழிப் பெட்டி. இதில் நடுவே ட்வீட்டரும் அதன் கீழே ஒரு சிறிய நடுச்சுர ஸ்பீக்கரும் செங்குத்தாக நிற்கும். வூஃபர்கள் இரண்டு ஓரத்தில். வூஃபர்களைக் கிராஸ்ஓவர் என்னும் சுரம் பிரிக்கும் சுற்று 400 அல்லது 500 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிடும். நினைவில் வைக்கச் சொன்ன எண் இதுதான்: 500-க்குக் கீழே 35 சென்டிமீட்டர் இடைவெளி குழி பறிக்காது. படுத்த பெட்டியாகவே இருந்தும் உள்ளே ஒலிப்பது நிமிர்ந்த ஸ்பீக்கர். இரண்டு, வூஃபரின் நடுமையத்திலேயே ட்வீட்டரைப் பொருத்திய ஓரச்சு ஸ்பீக்கர். கெஃப் நிறுவனம் 1988 முதல் இவ்வகையை வளர்த்து வருகிறது. ஒரே புள்ளியிலிருந்து ஒலி எழுவதால் நிறுத்தினாலும் படுக்க வைத்தாலும் ஒன்றுதான். ஆனால் அதன் இருபுறமும் கூடுதல் வூஃபர் இருந்தால், அவை எந்தச் சுரத்தில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். மூன்று, செலவு குறைந்த வழி: ஒரே வூஃபரும் ஒரே ட்வீட்டரும் கொண்ட சாதாரணச் சிறிய பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து சென்டராகப் பயன்படுத்துவது. டி.வி.யைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினால் இடம் கிடைத்துவிடும். பெட்டி தாழ்வாக இருந்தால், முகத்தை நோக்கிச் சற்று அண்ணாந்து பார்க்கும்படி முன்புறம் ஒரு கட்டை கொடுங்கள்.

வாங்கப் போகும்போது வாட்ஸ் கேட்காதீர்கள். பக்கவாட்டு அளவு வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை, செய்தி வாசிப்பு ஒன்றை சென்டரில் மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒரு கை நீளம் தள்ளி உட்காருங்கள். இன்னும் ஒரு கை நீளம் தள்ளுங்கள். குரல் ஒரே குரலாக இருந்தால் வாங்குங்கள். பானைக்குள் இருந்து பேசுவது போல் நிறம் மாறினால் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும். ஏற்கெனவே படுத்த பெட்டி வாங்கிவிட்டவர்கள் ஒருமுறை அதை நிமிர்த்தி வைத்து, மூலை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சென்டர் ஸ்பீக்கருக்குத் தீர்ப்பு சொல்லும் உரிமை அந்த நாற்காலிக்குத்தான் உண்டு.